மூடியில் விளக்குள்ளது

முதல் சொட்டு விட்டாயிற்று. இனிப் பதினைந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது, அப்புறம் இரண்டாவது சொட்டு, அப்புறம் மூன்றாவது, அதன் பிறகு உள்ளே எப்போது கூப்பிடுவார்களோ அப்போது. தெய்வானை கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். பக்கத்து நாற்காலியில் சங்கரலிங்கம் தலையைச் சுவரில் சாய்த்து, நர்ஸ் கொடுத்த பஞ்சை இடது கையில் பிடித்தபடி, நெடுந்தூரப் பேருந்தில் தூங்குகிறவரைப் போல வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தார். தூங்கவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் அவர் தூங்கும் மூச்சும் தூங்காத மூச்சும் அவளுக்கு அத்துப்படி. கூடத்தில் அறுபது எழுபது பேர் அப்படித்தான் ஆளுக்கொரு பஞ்சோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கண் திறந்திருந்தவர்கள் எல்லாம் கூட வந்தவர்கள், கண் இருக்கிற ஒரே காரணத்தால் அலைகிறவர்கள், டோக்கன் எண்ணைப் பார்க்க, காபி வாங்க, கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரித்து வந்து சொல்ல. போனில் நேற்று விட்ட இடத்திலேயே அந்த நாலு இயந்திரங்களும் நின்றன. வீட்டில் வைத்துக்கொள்ள ஸ்கேனர், காகிதத்துக்கும் பிலிமுக்கும், விலை குறைந்தது என்று அவளே ஒற்றை விரலால் தட்டித் தேடி எடுத்தவை. பதினோரு நாளாகப் பார்க்கிறாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை நாள் ஆகவில்லை, இரண்டே ஜாதகம், இரண்டாவதை முடித்துவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஒன்று, காகிதத்தை வாய் வழியாக இழுத்து வயிற்று வழியாக விடுவது. நிமிடத்துக்கு இருபது தாள் தின்னும், பிலிமைக் கொடுத்தால் மடக்கித் துப்பிவிடும். இரண்டாவது தட்டை, ஒரு கண்ணாடித் தட்டும் மூடியும், ஒன்பதாயிரத்துக்குள், பார்க்க லட்சணமாக இருக்கிறது, காகிதத்துக்குத் தாராளமாகப் போதும். அதில் பிலிமை வைத்தால் வெறும் கறுப்பாகத்தான் வரும். காகிதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்தால் போதும், பிலிமுக்கு அது போதாது, ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும், அதற்கு மூடியிலும் ஒரு விளக்கு இருக்க வேண்டும் என்று மகன் நாறும்பூ புனேயிலிருந்து போனில் படித்துப் படித்துச் சொன்னான். மூன்றாவதுக்கு அந்த விளக்கு உண்டு. பிலிமைச் செருக பிளாஸ்டிக் சட்டங்களும் உண்டு, காகிதமும் ஆகும், விலை மூன்று மடங்கு. நான்காவது டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, பிலிம் மட்டும், விலை மலிவு, படமும் மலிவாகத்தான் வருகிறது என்று வாங்கினவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாங்கினவர்கள் எழுதுவதை நம்பவும் முடியவில்லை. "நல்ல பொருள், இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அவரை நினைத்தால் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பிரிக்காமலே திருப்தியடைந்துவிட்ட மனுஷர். "எக்கா, அது என்ன, மூடி போட்ட இண்டக்சன் அடுப்பா?" என்று இந்தப் பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவள், மடியில் ஒரு பொட்டலம் அவித்த கடலை. "இல்லம்மா, படம் எடுக்கது, காயிதத்தையெல்லாம் படம் எடுத்து வச்சுக்கிடலாம்." "அதுக்குத்தான் போன் இருக்குல்லா?" "இது பழைய பிலிமையும் எடுக்கும்." "பிலிமா, அதெல்லாம் இன்னும் வச்சிருக்கீயளா?" என்று சொல்லி அந்தப் பெண் கடலையை நீட்டினாள். தெய்வானை இரண்டு எடுத்துக்கொண்டாள். உப்பு கூடுதல்.

இரண்டாவது போதும் என்றே தோன்றியது. நேற்றும் அப்படித்தான் தோன்றியது, முந்தாநாளும். மடியில் கனக்கிற இந்தக் கோப்பே அதற்குச் சாட்சி. எட்டு மாதக் காகிதம், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எல்லாவற்றையும் காட்டச் சொல்கிறார்கள், முதல் மாதம் எடுத்த விழித்திரைப் படம் எங்கே, இரண்டாம் மாதத்து எங்கே என்று, அதில் பாதி அந்த வழவழப்பான தாளில் அச்சடித்தது, அலமாரியில் வைத்தாலே வெளுத்துப் போகிறது, போன மாதம் டாக்டர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, இதுல என்னம்மா இருக்கு, வெள்ளையா இருக்கே என்றார். அவள் குற்றவாளி மாதிரி நின்றாள். காகிதமும்கூட மங்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள். ஆகவே காகிதத்துக்கு ஒரு ஸ்கேனர் அவசியம், அதில் சந்தேகமில்லை, கோப்பு இருக்கிறது, பென்ஷன் உத்தரவு இருக்கிறது, வீட்டுப் பத்திரம் இருக்கிறது, இரண்டாவது இயந்திரம் போதும். போதுமா. போதும் என்று சொல்லும்போதே உள்ளே ஏதோ ஒன்று செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்தியது, அவள் அதைப் பார்க்காமல் கோப்பைப் புரட்டினாள். முதல் தாள், ஆவணி மாதத்துத் தேதி. கோடு வளைகிறது என்றுதான் ஆரம்பித்தது. பொதுப்பணித் துறையில் முப்பத்துநாலு வருஷம் பாலத்துக்கும் மதகுக்கும் வரைபடம் வரைந்தவர், கோடு என்றால் அவருக்கு உயிர். வாசல் நிலை கோணிப் போச்சு என்று ஒரு காலையில் தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். தச்சர் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நிலை குறி பிசகாம நிக்குது" என்றார். இவர் விடவில்லை. "எனக்குக் கோட்டைப் பத்திப் பாடம் நடத்துதீரா" என்று சத்தம் போட்டு, நிலையைக் கழற்றி, வேறு மாட்டி, அதுவும் கோணல் என்றபோதுதான், அடுக்களை ஜன்னல் கம்பியும் கோணல், நாட்காட்டியின் ஓரமும் கோணல் என்று ஒவ்வொன்றாய் வெளியே வந்தது. நல்ல நிலை ஒன்று வீணாய்ப் போயிற்று. இப்போது நடுவில் ஒரு கறை, பேருந்து எண் தெரிவதில்லை, எதிரே நிற்கிறவரின் சட்டை தெரிகிறது, காது தெரிகிறது, மூஞ்சி தெரிவதில்லை. ஊசி போட்டால் மேலும் போகாமல் நிற்கலாம், போனது போனதுதான், இன்றோடு மூன்றாவது ஊசி, வலக் கண் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், பெரிதாக்கிக் காட்டினால் தெரியும் என்று போன தடவை சொன்னார் டாக்டர். எவ்வளவு நாள் என்று அவர் கேட்டார். ஆறு மாதமும் இருக்கலாம், அதற்கும் மேலும் இருக்கலாம் என்று டாக்டர் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

அன்றைக்கு ஆட்டோவில் வரும்போதுதான் கேட்டார். வண்ணார்பேட்டை பாலத்தில் நெரிசல், ஆட்டோ நின்றுவிட்டது, ஆற்றில் தண்ணீர் கணுக்காலளவு. "தெய்வான, அந்த மாடிப் படத்தை ஒருவாட்டிப் பாத்துரணும்." எந்த மாடிப் படம் என்று அவள் கேட்கவில்லை. ஒன்றுதான் உண்டு. "டி.வி.யில போட்டா தலை மட்டும் ஒரு ஆளு உசரத்துக்கு வரும்லா, அப்பத் தெரியும்." தெரியும் என்றாள் அவள். எழுபத்தொன்பதாம் வருஷம் பங்குனி வெயில், டவுனில் வாடகை வீட்டு மொட்டை மாடி, கல்யாணமாகிப் பத்து மாதம். மாமியார் கூழ் வத்தல் பிழியச் சொல்லிவிட்டுக் கீழே போயிருந்தாள், வேட்டியை விரித்து முறுக்குக் குழலால் வரிசை வரிசையாகப் பிழிந்து முடித்து நிமிர்ந்தால் இவர் கேமராவோடு நிற்கிறார், இரண்டாம் கையாக வாங்கியது, தோல் உறை கிழிந்தது, உச்சி வெயில், அவள் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, போங்க, மூஞ்சியெல்லாம் வேர்வை என்கிறாள், "கையை எடு, கையை எடு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் பின்னால் போனவர், வத்தலுக்குள் கால் வைத்துவிட்டார், உள்ளங்கால் முழுக்கக் கூழ். அவள் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்றால், தொலைபேசி நிலையத்தில் நாள் முழுக்கக் காதில் குரல்களை மாட்டிக்கொண்டு, லைன்ல இருங்க, லைன்ல இருங்க என்று ஒரே தொனியில் சொல்லிச் சொல்லி மரத்துப்போன தொண்டை திறந்து, தெருவுக்குக் கேட்கச் சிரித்தாள். அந்த நேரம் அவர் அழுத்திவிட்டார். படம் ஒரே ஒரு பிரதிதான் போட்டார், அதை அலுவலகத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார், தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வெள்ளம் மேசையையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போனபோது அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, உரித்தால் வெறும் வெள்ளைத் தாள் வந்தது. அவர் வருத்தப்படவில்லை. "நெகட்டிவ் இருக்குல்லா" என்றார். அதுதான் அவர் வழக்கம். யார் வீட்டு விசேஷமானாலும் படம் எடுப்பார், பிரதியை அவர்களுக்குக் கொடுப்பார், நெகட்டிவைத் தகர டப்பாவில் போடுவார், டப்பா அலமாரியை விட்டு இறங்காது, ஸ்டூடியோக்காரன் கைக்குக்கூடப் போகாது. எப்போ வேணுமோ அப்போ போட்டுக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் வீட்டில் மாட்ட ஒரு படம் இல்லாமல் போயிற்று. இருக்கிறது என்கிற நினைப்பே போதுமாக இருந்தது. பெட்டியைப் பிரிக்காத அந்த ஐந்து நட்சத்திரக்காரர் மாதிரி.

"ஐயா, கண்ணைத் தொறங்க, மேல பாருங்க, ஆடாதீங்க." இரண்டாவது சொட்டு. நர்ஸ் சின்னப் பெண், விரல் நுனியால் இமையை இழுத்து, விட்டு, மூடி, அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் தெய்வானை பஞ்சை வாங்கித் துடைத்தாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "எடுத்துட்டியா?" என்றார். பதினோரு நாளாக இதே கேள்வி, காபி குடித்தாயா என்பது போல. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." "என்னத்த பாக்கே. மூடியில விளக்குள்ளதை வாங்கு. ரெண்டுக்கும் ஆகும்." "விலை கூடுதலா இருக்கு." "நிலைய மாத்துனதுக்கு அதைவிடக் கூடப் போச்சு, அதுக்கு நீ ஒண்ணும் சொல்லலையே." "சொன்னா நீங்க கேப்பீங்களாக்கும்." அவர் உதட்டை விரித்தார், சிரிப்பு மாதிரி ஒன்று. பிறகு முகத்தை அந்தப் பக்கம், குடிதண்ணீர்க் குழாய் இருக்கிற தூண் பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போதெல்லாம் அப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பிடும்போது அவள் எதிரே உட்கார்ந்தால் அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். இரண்டு மூன்று மாதம் அவள் அதை மனசுக்குள் வைத்துப் புழுங்கினாள், நோய் வந்தால் மனுஷருக்கு வெறுப்பும் வரும், அதுவும் கட்டினவள் மேல்தான் வரும் என்று தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டாள். போன தடவைதான் இங்கே பயிற்சி கொடுக்கிற அம்மாள் சொன்னாள், நடுவில்தானே கறை, ஓரத்தில் பார்வை இருக்கிறது, எதைப் பார்க்க வேண்டுமோ அதை விட்டுப் பக்கத்தில் பாருங்க, அப்போது அது ஓரத்தில் விழும், ஓரத்தில் கொஞ்சம் தெரியும் என்று. அதைக் கேட்ட பிறகும் பழக்கம் போகவில்லை, அவர் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு முதலில் ஒரு சுருக். அப்புறம்தான் அந்த அம்மாள் சொன்னது ஞாபகம் வரும். இப்போது கண் மூடியிருக்கிறது, இப்போது திரும்பியதற்கு என்ன அர்த்தம். ஒன்றுமில்லை, கழுத்து வலிக்கும்.

மூடியில் விளக்கு. மூடியில் விளக்கு. வாங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் இரண்டாவதை, விளக்கில்லாததை, அழகாக இருக்கிறது அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவதை வாங்கினால் டப்பாவை இறக்க வேண்டும். டப்பாவை இறக்கினால் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் செருக வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுபத்தொன்பது பங்குனி, மூணாவது சுருள் என்பார், எல்லாம் அவருக்கு வரிசையாக மனப்பாடம், மூன்றாவது சுருளில் ஒரு துண்டு இருக்காது. தொண்ணூற்றைந்து. தீபாவளிக்கு மறுநாள். தெருவெல்லாம் வெடித்த தாள், காற்றில் இன்னும் கந்தகம், காலையில் கிரகணம், காம்பவுண்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வாசலில் வந்து நின்று, "அத்தை, பிலிம் தாங்க, அத்தை, பிலிம் தாங்க, ஆரம்பிச்சிருச்சு" என்று குதிக்கிறார்கள். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தானே, சூரியனை நேரே பார்க்கக் கூடாது, பிலிம் வழியாகப் பார்க்கலாம் என்று நம்பின காலம், அதுவும் பார்க்கக் கூடாது என்று அப்புறம்தான் சொன்னார்கள். மாமியார் உள்ளே தர்ப்பையைச் சோற்றுப் பானையில் போட்டுவிட்டு, ஒருத்தரும் வெளியே தலை காட்டக் கூடாது என்று கத்துகிறாள். குளியலறைக்குள்ளிருந்து இவர்தான் சொன்னார், டப்பாவுல கறுப்பா இருக்கதா ஒண்ணு எடுத்துக் குடு. அவள் ஸ்டூலில் ஏறி டப்பாவை எடுத்து, ஒவ்வொரு துண்டாய் ஜன்னலுக்குப் பிடித்துப் பார்த்தாள். எது நல்ல கறுப்பு என்று. எல்லாம் சாம்பல், சாம்பல், ஒன்றுதான் மை மாதிரி இருந்தது, வெயில் அதிகம் விழுந்த படம் பிலிமில் கறுப்பாகத்தான் இருக்கும் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு வெட்டு வெட்டின பிறகுதான் அதில் ஆள் இருப்பது தெரிந்தது. நரைத்த தலை. கறுத்த முகம். வாய் திறந்திருக்கிறது, உள்ளே பல்லெல்லாம் கறுப்பு. யார் இந்தக் கிழவி என்று நினைத்தாள், அடுத்த நொடி, நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும் என்பது உறைத்து, அது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வெட்டினாள். அதுதான். அங்கேதான் இத்தனை வருஷமும் வந்து வந்து நிற்கிறாள், அந்த இரண்டாவது வெட்டில். பிள்ளைகள் வாசலில் குதித்தார்கள், கிரகணம் காத்திருக்காது, அவள் நினைத்தது இதுதான், நான்தானே, இங்கேதானே இருக்கேன், இன்னொண்ணு எடுத்துக்கிட்டாப் போச்சு. நாற்பத்தொரு வயது. அதற்கப்புறம் யாரும் அவளை மாடியில் வைத்துப் படம் எடுக்கவில்லை. நாலு துண்டு. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று, ஈரத் தலையோடு வெளியே வந்தவர் கையில் ஒன்று. அவர் அதைக் கண்ணில் வைத்து நெடுநேரம் பார்த்தார், கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கு என்றார். சாயங்காலம் பெருக்கும்போது இரண்டு துண்டு முற்றத்தில் கிடந்தன, மண் கீறி, வெடித் தாளோடு சேர்த்து முறத்தில் அள்ளினாள்.

அந்த மூன்று பிள்ளைகளையும் அவள் விட்டுவிடவில்லை. ஒருவன் இப்போது அரசுப் பேருந்து ஓட்டுகிறான், ஜங்ஷனில் பார்த்தால், "அத்தை, நல்லாருக்கீங்களா" என்பான், அவள் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவன் மூக்கைப் பார்ப்பாள், கண்ணாடி போட்ட தடம் இருக்கிறதா என்று. இல்லை. பேருந்து ஓட்டுகிறவனுக்குக் கண்ணைச் சோதித்திருப்பார்கள், நல்லது. இரண்டாமவன் துபாயில், அவன் பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் கண்ணாடி இல்லாமல் நின்றான். மூன்றாவது பெண், சீவலப்பேரியில் கட்டிக்கொடுத்தது, அவளுக்குக் கண்ணாடி உண்டு, ஆனால் அவள் அம்மாவுக்கும் உண்டு, தாத்தாவுக்கும் உண்டு. மூன்றில் இரண்டு பழுதில்லை, மூன்றாவது பரம்பரை. அப்படியானால் நாலாவது. நாலாவது துண்டு யார் கண்ணில் இருந்ததோ அவர் இதோ பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் வயசுதான் என்றார். சிகரெட் உண்டா என்று கேட்டார், அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்டார், எப்பவாவது கிரகணம் பார்த்தீங்களா என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் கழித்தா வரும், வராது, ஒரு நாளில் வந்துவிடும் என்றுதான் பத்திரிகையில் போட்டிருந்தது, வராது. ஆனால் பத்திரிகையில் போட்டதையெல்லாம் மனசு எங்கே கேட்கிறது. அவள் வெட்டிக் கொடுத்தாள், அவர் வாங்கி வைத்துக்கொண்டார், அவளைக் கண்ணில் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார், இப்போது சூரியன் இருந்த இடத்தில் கறை இருக்கிறது, அந்தக் கறைக்குப் பின்னால் அவள் மூஞ்சி இருக்கிறது. இப்படியே வட்டம் போட்டு வட்டம் போட்டுச் செக்கு மாடாகிவிட்டாள். அலுத்துவிட்டது. கடலையின் உப்பு நாக்கில் நின்றது. போனில் ஒரு வரி மேலே வந்து, நீங்கள் பார்த்த பொருள் இன்னும் இரண்டே கையிருப்பில் என்றது. அது மூன்றாவது.

"மூணாவது சொட்டு, ஐயா. இதோட சரி. அடுத்து உள்ள கூப்பிடுவாங்க." நர்ஸ் போனாள். அம்பாசமுத்திரத்துப் பெண் மாமியாரைக் கைத்தாங்கலாக எழுப்பி, வாரேங்க்கா, அடுப்பு நல்லதா பாத்து வாங்குங்க என்று சிரித்துவிட்டுப் போனாள். நாற்காலி காலியாயிற்று. காலியானதும் கூடத்தின் இரைச்சல் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. இரண்டாவதை வாங்கிவிடலாம். காகிதத்துக்கு ஆகும், பிலிமுக்கு ஆகாது என்று தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்லலாம். திருப்பி அனுப்பப் பத்து நாள், அடுத்தது வரப் பத்து நாள், பிறகு ஆடித் தள்ளுபடிக் கூட்டம், அதன் பிறகு தீபாவளிக் கூட்டம், அப்படியே ஆறு மாதம் ஓடிவிடும், ஆறு மாதத்துக்குப் பிறகு எந்தப் படத்தைப் போட்டாலும் ஒன்றுதான். இந்த யோசனை முழுசாய், நல்ல தையல் போட்ட துணி மாதிரி அவளுக்குள் விரிந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அவர் கண் போவதற்காக அவள் காத்திருக்கிறாள். பதினோரு நாளாக அவள் செய்துகொண்டிருப்பது அதுதான். போனை மடியில் கவிழ்த்தாள். "என்னங்க" என்றாள். "ம்." "மாடிப் படம் இருக்காது." அவர் பஞ்சை விரலால் உருட்டினார். "தொண்ணூத்தஞ்சு கிரகணத்துக்குக் கறுப்பா ஒண்ணு எடுத்துக் குடுன்னீங்கல்லா, அதைத்தான் எடுத்தேன். வெட்டிட்டேன். பாதியில தெரிஞ்சுது, தெரிஞ்சும் வெட்டினேன்." சொல்லியாயிற்று. தொண்டை பழைய ஆபரேட்டர் தொண்டையாகிவிட்டிருந்தது, ஏற்ற இறக்கமில்லாமல், வேறு யாருடைய செய்தியையோ கடத்துவது மாதிரி. "உங்க கையில ஒரு துண்டு இருந்துச்சு. அது வழியா ரொம்ப நேரம் பாத்தீங்க. அதுலதான் இப்படி ஆச்சோன்னு." கோப்பின் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"டாக்டர்ட்ட கேட்டியா?" என்றார் அவர். "கேக்கல. நீங்க?" "நானும் கேக்கல." அவரும் நினைத்திருக்கிறார், அப்படியென்றால். அதே கிரகணத்தை அவரும் தனியாக எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார், ஒரே வீட்டில், ஒரே கட்டிலின் அந்த ஓரத்தில். "வயசுன்னு சொல்லிட்டார், வயசுன்னே இருக்கட்டும்" என்றார். "நான்தானே கறுப்பா எடுன்னேன். வெளிச்சம் கூடிப் போன படம்தான் கறுப்பா இருக்கும்னு எனக்குல்லா தெரியணும்." பஞ்சால் கண் ஓரத்தை ஒற்றிக்கொண்டார், மருந்தா, வேறா, சொல்ல முடியாது, அன்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் வழிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு, "வெட்டுனது எந்த ஓரம்? நம்பர் பாத்தியா, பிலிம் ஓரத்துல நம்பர் இருக்கும்லா" என்றார், அலுவலகக் குரலில், மதகு இடிந்துபோனால் தண்ணீர் போகிற எந்தக் கண் இடிந்தது என்று கேட்கிற குரலில். "நம்பரை யாரு பாத்தா." "அது கடைசிப் படமா முதப் படமா, துண்டுல?" அவள் கண்ணை மூடினாள். ஜன்னல், ஸ்டூல், கத்தரிக்கோல், நரைத்த தலை கத்தரிக்கோலின் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது. "கடைசி" என்றாள். "அதுக்கப்புறம் பிலிமே இல்லை." "அப்ப அடுத்த துண்டுல முதல்ல இன்னொண்ணு இருக்கும். ரெண்டு எடுத்தேன். முதல்ல வெயிலைக் குறைக்காம எடுத்துட்டேன்னு, குறைச்சு இன்னொண்ணு எடுத்தேன்." அவளுக்கு நினைவில்லை. கேமரா இரண்டு முறை சத்தம் போட்டதா. கீழேயிருந்து மாமியார், என்ன சத்தம், என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே படியேறினது நினைவிருக்கிறது. "அதுல நீ சிரிக்கல" என்றார் அவர். "வத்தல் போச்சேன்னு என்னைய முறைச்சுக்கிட்டு நிக்கே. அதனாலதான் அதைப் பிரதி போடலை." "முறைச்சதைப் பாத்து என்ன செய்யப் போறீங்க." "சிரிச்சதைத்தான் பதிமூணு வருஷம் மேசையில வச்சுப் பாத்தாச்சே. முறைச்சதைப் பாக்கலையே."

கூடத்தின் மறுகோடியில் எண்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அவர்களுடையது நாற்பத்தேழு. தெய்வானை போனைப் பார்த்தாள், மூன்றாவதில் விரலை வைத்தாள், முகவரி சரியா என்று கேட்டது, பெருமாள்புரம், சரி என்றாள், வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்றது. வெள்ளிக்கிழமை டப்பாவை இறக்க வேண்டும், ஸ்டூல் ஆடும், எதிர்வீட்டுக் கோமதியின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இறக்கச் சொல்ல வேண்டும், அந்த இரண்டாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பூசணம் பிடித்துப் போயிருக்கலாம், இருபத்தெட்டு வருஷமாக அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை. வெட்டினது கடைசிப் படம்தானா. கடைசி என்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு உறுதியாகத்தான் இருந்தது, இப்போது மறுபடி இல்லை. "எடுத்துட்டியா?" என்றார் அவர். "எடுத்துட்டேன்." "விளக்குள்ளதா?" "விளக்குள்ளதுதான்." அவர் கண்ணைத் திறந்தார். சொட்டில் விரிந்த கண்மணி, கருவட்டம் விளிம்பு வரை நிறைந்து, உள்ளே குழல்விளக்கு சின்னதாய் மிதந்தது. நர்ஸ் திறக்கக் கூடாது என்றாளே என்று அவளுக்கு ஓடியது. அவர் முகத்தை அவளிடமிருந்து திருப்பி, தூணை, குடிதண்ணீர்க் குழாயை, சங்கிலி கட்டின அந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தார், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சுருக்கென்று வரவில்லை, அவர் பார்வையின் ஓரத்தில் அவள் இருந்தாள். தெய்வானை முந்தானையால் வாயோரத்துக் கடலைத் தோலைத் துடைத்துக்கொண்டு, நரை முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கையை மடியில் இறக்கி வைத்தாள். நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.